தறவாட்டு வீட்டில் யார் இருப்பது?
(விவசாய நேயர்களுக்கான வானொலி உரை)



வயலைப் பாகம் வைப்பது பெரிய காரியமில்லை. சங்கிலி பிடித்து அளந்து, நடுவில் ஒரு வரப்புப் போட்டால் தீர்ந்தது. தென்னந்தோப்பு என்றால் மரத்தை எண்ணிக்கொள்ளலாம். பத்தயத்து நெல்லை மரக்கால் போட்டு அளந்துவிடலாம். ஆனால் வீடு? அரங்கை ஒருவருக்கும் அடுக்களையை ஒருவருக்கும் கொடுத்தால் இரண்டு பேருக்குமே வீடு இல்லாமல் போகும். அந்த வீட்டிலேயே ஒரு அம்மையோ, அறுதலியான ஒரு அக்காளோ, கல்யாணம் ஆகாத ஒரு தம்பியோ குடியிருந்தால் சிக்கல் இன்னும் கூடும். ஒரு பக்கம், "இது எனக்க அம்மைக்க வீடு, நான் எங்க போவேன்?" என்று கேள்வி. மறுபக்கம், "எனக்கும் அதில் ஓகரி உண்டே, அது எப்போ கிட்டும்?" என்று கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விதான்.

இந்தக் கேள்வி இன்று நேற்று வந்ததல்ல. நம்முடைய நாஞ்சில் நாட்டில், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுக்காக்களில், இதற்குத் தலைமுறை தலைமுறையாகப் பதில் தேடியிருக்கிறார்கள். அந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டால் இன்றைக்கு நம் வீட்டு வழக்கைத் தீர்க்க ஒரு வெளிச்சம் கிடைக்கும்.

மருமக்கள் வழி என்பது என்ன?

இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1ஆம் தேதி வரைக்கும் தமிழ்நாட்டோடு சேர்ந்திருக்கவில்லை. முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானம், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். அந்த நாட்டில் பல சமூகத்தாரிடம் மருமக்கள் வழி என்ற வழக்கம் இருந்தது. நாஞ்சில் நாட்டு வெள்ளாளரில் ஒரு பிரிவாரும் அதைக் கைக்கொண்டிருந்தார்கள். அதே ஊரில், அதே சமூகத்தில், மக்கள் வழிக்காரரும் இருந்தார்கள். அப்பனுடைய சொத்து மகனுக்கு என்பது மக்கள் வழி. மாமனுடைய சொத்து மருமகனுக்கு, அதாவது உடன்பிறந்தாள் மக்களுக்கு, என்பது மருமக்கள் வழி.

மருமக்கள் வழியில் சொத்து தனி ஆளுக்குச் சொந்தமில்லை, தறவாட்டுக்குச் சொந்தம். ஒரு தாயின் வயிற்றில் பிறந்து, பெண் வழியாகக் கிளைத்தவர்கள் எல்லாரும் அந்தத் தறவாட்டு அங்கத்தினர்கள். மூத்த ஆண் காரணவர். மற்றவர்கள் அனந்தரவர். வயலைக் குத்தகைக்கு விடுவது, நெல்லை அளந்து வாங்குவது, தீர்வை கட்டுவது, வீட்டுச் செலவு பார்ப்பது எல்லாம் காரணவர் கையில்.

இதில் வீட்டுக் கதையைக் கவனியுங்கள். காரணவருடைய மனைவியும் மக்களும் அவர் உயிரோடு இருக்கும்வரை அவரோடு அந்த வீட்டில் இருப்பார்கள். அடுப்பு மூட்டுவது அந்த அம்மாள். களத்தில் நெல் அவிப்பதும் காய வைப்பதும் அந்த அம்மாள். அப்பனோடு வயலில் இறங்கி உழுவது அந்த மகன்மார். ஆனால் வீடு அவர்களுடையது அல்ல. காரணவர் கண்ணை மூடினால், சொத்தும் வீடும் அவருடைய சகோதரி மக்களுக்கு. மனைவி மக்களுக்கு 'உகந்துடைமை' என்று ஒரு பங்கு உண்டு. உகந்து கொடுப்பது, அன்பினால் கொடுப்பது என்று அதற்குப் பொருள். அது கால் பங்குக்கு மேல் போகாது. அதை வாங்கிக்கொண்டு வீட்டை விட்டு இறங்க வேண்டியதுதான்.

இருபது முப்பது வருஷம் சாணி மெழுகிக் கோலம் போட்ட வாசலை ஒரே நாளில் விட்டுப் போவது என்றால் எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள். உகந்துடைமை எவ்வளவு, எந்த வயல், எந்த விளை என்பதில் தாவா எழுந்தது. வழக்கு நாகர்கோவில் கோர்ட்டிலிருந்து திருவனந்தபுரம் வரைக்கும் போனது. வழக்கு முடியும்போது சில வீடுகளில் வயலும் முடிந்திருக்கும்.

ஆனாலும் அந்த வழக்கத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்ததை மறக்கக் கூடாது. புருஷனை இழந்தவளானாலும், புருஷனோடு வாழாதவளானாலும், ஒரு பெண்ணுக்குத் தன் தாய் வீட்டில் இடம் உண்டு. அது யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல, அவளுடைய உரிமை. தறவாட்டு அங்கத்தினர் என்ற முறையில் அங்கே சோறும் கூரையும் அவளுக்கு உண்டு. மக்கள் வழி வீட்டில் நிலைமை நேர்மாறு. அங்கே மனைவிக்கும் மகனுக்கும் இடம் உண்டு. கட்டிக்கொடுத்த சகோதரி திரும்பி வந்தால் அண்ணன் மனசு வைத்தால்தான் உண்டு.

ஆக, மருமக்கள் வழி சகோதரியைக் காப்பாற்றி மனைவியை வெளியே நிறுத்தியது. மக்கள் வழி மனைவியைக் காப்பாற்றி சகோதரியை வெளியே நிறுத்தியது. வீடு ஒன்று, பெண்கள் இரண்டு பேர். இந்த இரண்டு பேருக்கும் எப்படி நியாயம் செய்வது என்பதுதான் அதற்குப் பிறகு வந்த சட்டங்களின் கதை.

ஒரு கவிஞர் செய்த வேலை

தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையை உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவர் பாட்டைப் படிக்காதவர் உண்டா? அவர் எழுதிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற நூல் இந்த வழக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறது. ஒரு காரணவருக்கு ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்டவள் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த நூல் அது. முதலில் 'தமிழன்' என்ற பத்திரிகையில் தொடர்ந்து வந்தது. படிக்கிறவருக்குச் சிரிப்பு வரும்; சிரித்து முடித்தபின் நெஞ்சு கனக்கும். மேடை போட்டுப் பேசியவர்கள் ஒரு பக்கம், மனுக் கொடுத்தவர்கள் ஒரு பக்கம் என்றால், வீட்டுக்குள் இருந்த பெண்ணின் குரலை வெளியே கேட்க வைத்தது இந்த நூல்.

பக்கத்துச் சமூகங்களிலும் அப்போது இதே கிளர்ச்சி. 1925-ல் நாயர் சமூகத்துக்கும் ஈழவர் சமூகத்துக்கும் திருவிதாங்கூர் அரசு தனித்தனிச் சட்டம் செய்தது. 1926-ல், கொல்லம் ஆண்டு 1101-ல், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. கல்யாணம், காரணவரின் பொறுப்பு, வாரிசு, பாகம் எல்லாவற்றுக்கும் எழுத்தில் விதி வந்தது. காரணவர் மனம்போல நடந்த காலம் போய், கணக்குச் சொல்லியாக வேண்டிய காலம் வந்தது. மனைவி மக்களுக்குச் சட்டப்படியான உரிமை வந்தது. தறவாட்டைப் பாகம் வைக்கவும் வழி திறந்தது.

வழி திறந்ததும் என்ன நடந்தது? நாஞ்சில் நாட்டில் மட்டுமல்ல, திருவிதாங்கூர் முழுக்கவும் பெரிய பெரிய தறவாடுகள் பாகமாகின. கோட்டை விதைப்பாடாக ஒரே கையில் இருந்த வயல் மரக்கால் விதைப்பாடாக உடைந்தது. ஆனால் மங்களாவும், படிப்புரையும், தேக்குத் தூணும் உள்ள பழைய வீட்டை உடைக்க முடியவில்லை. வேறு போக்கிடம் இல்லாத யாரோ ஒருவர் அதில் இருந்துகொண்டார். பாகப் பத்திரத்தில் வீடு பொதுவில் கிடந்தது. ஓடு மாற்ற ஆளில்லை, "எனக்கு மட்டுமா வீடு?" என்று ஒருவர் மற்றவரைக் காட்டினார். அப்படிக் கறையான் தின்று இடிந்த வீடுகளை இன்றைக்கும் நம் ஊர்த் தெருக்களில் பார்க்கலாம்.

1956-ல் வந்த மாற்றம்

1956 ஜூன் 17ஆம் தேதி இந்து வாரிசு உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. அப்போது நம் மாவட்டம் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. மருமக்கள் வழி என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டத்தையும் பெயர் சொல்லியே அந்தச் சட்டம் குறிப்பிடுகிறது. தறவாட்டில் ஒருவருக்கு உள்ள பங்கும் இனி அவருடைய வாரிசுகளுக்கே போகும் என்று ஆயிற்று. உயில் எழுதாமல் இறந்த ஒருவரின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லாருக்கும் சம பங்கு. முன்னமே இறந்துபோன மகனின் விதவைக்கும் மக்களுக்கும் அந்த மகனின் பங்கு.

ஆனால் வீட்டுக்கு மட்டும் ஒரு தனி விதி வைத்தார்கள். அது 23ஆம் பிரிவு. குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டில் மகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளும் வரைக்கும் அவள் பாகம் கேட்க முடியாது. கல்யாணம் ஆகாதவளோ, புருஷனால் கைவிடப்பட்டவளோ, பிரிந்து வந்தவளோ, விதவையோ என்றால் அங்கே குடியிருக்கலாம். அவ்வளவுதான்.

நாஞ்சில் நாட்டுக்காரர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, மருமக்கள் வழிக்காரருக்கு இந்த 23ஆம் பிரிவு கிடையாது என்று சொல்லிவிட்டது. தாய் வீட்டில் பெண்ணுக்கு இருந்த பழைய உரிமையைக் குறைக்க வேண்டாம் என்பது அதன் பலன். ஆக, ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. ஒரு வீட்டு மகள் வீட்டிலும் பாகம் கேட்கலாம். எதிர் வீட்டு மகள் கேட்க முடியாது. இப்படி ஏறக்குறைய ஐம்பது வருஷம் போயிற்று.

2005 செப்டம்பர் 9 முதல் 23ஆம் பிரிவே எடுக்கப்பட்டுவிட்டது. இன்று எந்த வழிக்காரர் ஆனாலும் மகளுக்கும் மகனைப் போலவே வீட்டிலும் பாகம் கேட்கும் உரிமை உண்டு. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பால் உரிமை உண்டு என்பதை 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கிறிஸ்தவ வீடுகளில்

நம் மாவட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்குத் திருவிதாங்கூரில் 1916-ல் ஒரு தனிச் சட்டம் இருந்தது. அதன்படி மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. விதவைக்குச் சீவிய காலம் வரைக்கும் அனுபவம் மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போகும்.

இதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர் கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் அம்மையார். அந்த வழக்கின் வேரும் ஒரு வீடுதான். கணவரைப் பிரிந்து, இரண்டு பிள்ளைகளோடு, ஊட்டியில் தம் தந்தைக்கு இருந்த வீட்டில் வந்து தங்கினார். தந்தை சொத்தில் உனக்கு உரிமை இல்லை, இறங்கிப் போ என்று சொந்தக் குடும்பமே சொன்னது. பிற்பாடு அவர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். 1986 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. திருவிதாங்கூர்ச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்றார்கள். அதன்படி விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு மகன், மகள் எல்லாருக்கும் சமமாக. குடியிருந்த வீட்டிலிருந்து ஒரு பெண்ணை இறக்கப் பார்த்ததில் தொடங்கிய வழக்கு, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வீட்டு வாசலைத் திறந்துவிட்டது. இஸ்லாமிய சகோதரர்களுக்கு ஷரீஅத் முறைப்படி பங்கு தனி.

குடியிருப்பவர் உரிமை எவ்வளவு?

சரி, சரித்திரம் போதும், இன்றைக்கு எங்கள் வீட்டில் என்ன செய்வது என்று கேட்கிறீர்களா? அதற்கு வருகிறேன்.

முதல் கேள்வி: பிரமாணம் யார் பேரில் இருக்கிறது? அப்பா வீடு என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் தாத்தா பேர் இருக்கும். தாத்தா 1956 ஜூன் 17க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்தவர் என்றால், அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் அவர் மகளுக்கும் சம பங்கு உண்டு. அதாவது, அந்த வீட்டு மூலையில் கட்டில் போட்டுக் கிடக்கும் உங்கள் அத்தை அண்டிப் பிழைக்க வந்தவள் அல்ல. அவளும் ஒரு பங்காளி. யார் எந்த வருஷம் இறந்தார் என்று வரிசையாக ஒரு தாளில் எழுதினாலே பாதி வழக்கு தீரும்.

இரண்டாவது: இருபது முப்பது வருஷம் குடியிருந்ததாலேயே வீடு ஒருவருக்கு மட்டும் சொந்தமாகிவிடாது. ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாப் பங்காளிகளுக்குமான அனுபவம் என்பது சட்டம். "உனக்கு இதில் ஓகரியே கிடையாது" என்று மற்றவர்களுக்குத் தெரியும்படி மறுத்து, அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் விடாமல் அனுபவித்தால்தான் வேறு பேச்சு. வீட்டு வரி ரசீது, கரண்டு பில், பட்டா இவற்றில் ஒருவர் பேர் இருப்பது மட்டும் முழு உரிமையைக் காட்டாது.

மூன்றாவது: குடியிருப்பவர் கைக்காசு போட்டு ஓடு மாற்றியிருப்பார், கிணறு தூர் வாரியிருப்பார், தாய் தகப்பனைக் கடைசி வரைக்கும் பார்த்திருப்பார். செலவு செய்ததைப் பாகம் வைக்கும்போது கணக்கில் எடுக்கக் கேட்கலாம். அம்மையைப் பார்த்ததற்குச் சட்டத்தில் தனிப் பங்கு கிடையாது. ஆனால் மனுஷ நியாயத்தில் உண்டு. அதை மற்றவர்கள் தாங்களாக உகந்து கொடுக்க வேண்டும். உகந்துடைமை என்ற பழைய சொல்லுக்கு இன்றைக்கும் ஒரு வேலை இருக்கிறது, பாருங்கள்.

நான்காவது: கோபத்தில் தன் ஓகரியை வெளியாளுக்கு விற்றுவிடுவேன் என்று யாராவது கிளம்பினால், அவர் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரியாத குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய அந்நியருக்கு, வந்து கூடக் குடியிருக்கும் உரிமை இல்லை. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893ஆம் வருஷத்துப் பாகச் சட்டப்படி, குடும்பத்தார் கோர்ட்டு மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அதனால் இப்படிப்பட்ட பங்குக்கு அடிமாட்டு விலைதான் கிடைக்கும்.

ஒரு கணக்கு

சுலபமாக ஒரு வழி சொல்கிறேன். வீட்டை மட்டும் தனியாக வைத்துப் பாகம் பேசாதீர்கள். மொத்தச் சொத்தையும் ஒரே இலையில் பரிமாறுங்கள்.

தகப்பனார் காலமாகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு மகன், ஒரு மகள்; நாலு பங்கு. மகள் விதவை, தாயோடு அந்த வீட்டில் இருக்கிறாள். வீடும் புரையிடமும் 20 லட்சம் பெறும். வயலும் தோப்பும் 60 லட்சம். மொத்தம் 80 லட்சம். ஆளுக்கு 20 லட்சம். வீட்டை நாலாகப் பிரித்தால் நாலு பேருக்கும் உபயோகமில்லை. மகள் வீடு முழுவதையும் தன் பங்காக எடுத்துக்கொண்டு வயலில் கை வைக்காமல் விட்டால், மற்ற மூன்று பேரும் வயலையும் தோப்பையும் எடுத்துக்கொள்ளலாம். யாரும் இறங்க வேண்டாம், யாருக்கும் குறைவில்லை. தாயார் தம் சீவிய காலம் முழுக்க அந்த வீட்டிலேயே இருப்பார் என்று ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள்.

வீடு 28 லட்சம், வயல் 52 லட்சம் என்றால்? மகள் 8 லட்சம் கூடுதலாக எடுக்கிறாள். அதை உடனே கொடு என்று கழுத்தைப் பிடிக்காமல், கன்னிப்பூ, கும்பப்பூ அறுப்புக்கு அறுப்பு இவ்வளவு என்று தவணை எழுதிக்கொள்ளலாம். வீட்டைத் தவிர வேறு சொத்தே இல்லை, ஈடுகட்டப் பணமும் இல்லை என்றால், குடியிருப்பவர் வாழும்வரை இருக்கட்டும், அப்புறம் விற்றுப் பங்கிடுவோம் என்று எழுதலாம். அல்லது, விற்பதானால் இவ்வளவு மாதம் முன்னால் சொல்லி, வேறு வீடு பார்த்துக் கொடுத்துத்தான் விற்பது என்று எழுதலாம். எதுவானாலும் வாய்ப்பேச்சில் நிற்கக் கூடாது. பாகப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ, சார்பதிவாளர் ஆபீசில் பதிந்துவிட வேண்டும். அண்ணன் தம்பி பேச்சு அவர்கள் காலத்தோடு போய்விடும். பத்திரம்தான் பேரன் காலத்திலும் பேசும்.

இன்னொன்று, உயிரோடு இருக்கும் பெரியவர்களுக்கு. பிள்ளைகள் பேரில் வீட்டை எழுதி வைக்க ஆசைப்பட்டால், நான் சாகும்வரை இங்கே இருப்பேன், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதியிருந்து, பிள்ளைகள் பார்க்காமல் விட்டால், 2007ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை எழுதாமல் விட்டால் கஷ்டம்.

பேச்சு முடியவில்லை என்றால் நேரே வழக்குக்கு ஓட வேண்டாம். சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. லோக் அதாலத்தில் சமரசம் ஆனால் அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது.

விவசாயப் பெருமக்களே, நம் முன்னோர் காலத்தில் காரணவர் இறந்ததும் ஒரு அம்மாள் சட்டி பானையோடு தெருவில் இறங்கினாள். அது கூடாது என்று ஒரு கவிஞர் பாடினார், ஒரு சமூகம் போராடியது, சட்டம் மாறியது. இன்றைக்கு அதே தெருவில், பாகம் என்ற பேரில் ஒரு அக்காளையோ அத்தையையோ நாம் இறக்கிவிட்டால், இவ்வளவு பாடுபட்டதும் வீணாகிவிடும். அதே மாதிரி, குடியிருக்கிறோம் என்ற தைரியத்தில் வெளியூரில் இருக்கும் உடன்பிறப்பின் பங்கை விழுங்குவதும் தவறுதான். இந்த அறுப்பு முடிந்து கை ஓய்ந்திருக்கும் சமயம் பார்த்து, பழைய பெட்டியைத் திறந்து பிரமாணத்தை எடுங்கள். குடியிருப்பவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள்.